டிஃப்ஈகிள் கிரீனில் யூரியாவும் டிரினெக்ஸாபேக்கும்: ஒரு மாதம் நன்றாக, மறுமாதம் மொட்டை

கிரீன்_காவல் கேட்டது:

வணக்கம். எங்கள் கோல்ஃப் மைதானத்தின் கிரீன்களில் (குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டி வைக்கும் புல்தரை) மணல் படுகையின் மேல் டிஃப்ஈகிள் என்ற பெர்முடா புல் ரகம். ஒரு கிரீன் சுமார் 500 சதுர மீட்டர். வெட்டு உயரம் 3.2 மிமீ, தினமும் காலையில் ஒரு வெட்டு. இப்போதைய முறை இது:

உரம்: 28 நாளுக்கு ஒருமுறை யூரியா குருணை. சதுர மீட்டருக்கு 2 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கில் ஒரு கிரீனுக்கு சுமார் 2.2 கிலோ. போட்டவுடன் தண்ணீர் விட்டுக் கரைத்து விடுகிறோம்.

வளர்ச்சிக் கட்டுப்படுத்தி: டிரினெக்ஸாபேக் எத்தில், லிட்டருக்கு 120 கிராம் மருந்துள்ள திரவம். ஹெக்டேருக்கு 400 மிலி, 21 நாளுக்கு ஒருமுறை.

தெளித்த முதல் பத்து நாள் தரை அருமையாக இருக்கிறது. அதன் பிறகு வளர்ச்சி வேகம் எடுக்கிறது. மோவரின் (புல்வெட்டும் இயந்திரம்) கூடையில் வழக்கமாக ஒரு கிரீனுக்கு 8 லிட்டர் விழும் வெட்டுப்புல், அந்த நாட்களில் 18, 20 லிட்டர் வரை போகிறது. மேடான இடங்களில் மோவர் மொட்டையடித்து, இலையே இல்லாமல் வெளிர்பழுப்புத் தண்டு மட்டும் வரிவரியாகத் தெரிகிறது. புரியாதது என்னவென்றால், எல்லா மாதமும் இப்படி இல்லை. ஒரு சுற்று மோசம், அடுத்த சுற்று பரவாயில்லை. உரம், மருந்து, அளவு எதையும் மாற்றவில்லை. இப்போது சராசரி வெப்பம் பகலில் 34, இரவில் 24 டிகிரி.

மருந்தின் அளவைக் கூட்ட வேண்டுமா, உரத்தைக் குறைக்க வேண்டுமா? இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கலாமா?

---

மணற்படுகை:

அளவைக் கூட்டாதீர்கள். உங்கள் சிக்கல் அளவில் இல்லை, நாள் கணக்கில் இருக்கிறது. அதுவும் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு நாள் கணக்குகளில்.

முதலில் மருந்து. டிரினெக்ஸாபேக் இலை வழியாகப் போய், புல்லை நீளவைக்கும் ஹார்மோனான ஜிப்பெரலின் உருவாகும் பாதையின் கடைசிப் படியில் தடை போடுகிறது. செல் பிரிவது நிற்பதில்லை, நீள்வதுதான் குறைகிறது. இலை குட்டையாகிறது, செல்கள் சிறுத்து நெருங்குவதால் பச்சை அடர்த்தியாகத் தெரிகிறது, பக்கத் தூர் கூடுகிறது. இந்த மருந்தைப் புல் தன் உடலுக்குள்ளேயே சிதைத்துவிடும். எவ்வளவு வேகமாகச் சிதைக்கும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. வெயில் காலத்தில் மருந்து சீக்கிரம் தீர்ந்துபோகும். குளிர்ந்த நாட்களில் இரண்டு மடங்கு நாள் நிற்கும். 21 நாள் என்பது வருஷம் முழுக்கப் பொருந்துகிற எண் அல்ல.

நாளுக்குப் பதில் வெப்ப அலகைக் கூட்டிப் பாருங்கள். அன்றைய உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதில் அடிப்படை வெப்பத்தைக் கழிக்க வேண்டும். பெர்முடாவுக்கு அடிப்படை 10 டிகிரி. உங்கள் கணக்கில் 34-ம் 24-ம் சேர்ந்து சராசரி 29, பத்து போக 19. ஆக ஒரு நாளுக்கு 19 அலகு. டிஃப்ஈகிள் போன்ற அல்ட்ராட்வார்ஃப் (மிகக் குட்டை ரக) பெர்முடா கிரீனில் இந்த மருந்தின் பிடி சுமார் 200 முதல் 230 அலகு வரைதான். 220 என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டாம் நாளோடு தீர்ந்தது. நீங்கள் அடுத்த தெளிப்புக்கு வருவது 399-இல்.

பிடி விட்டதும் புல் பழைய வேகத்துக்குத் திரும்பி நின்றுவிடுவதில்லை. அதைத் தாண்டிப் பாயும். ஒடுங்கிக் கிடந்த நாட்களில் சேர்த்து வைத்த மாவுச்சத்தும், கூடுதலாக விட்ட தூர்களும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. மருந்தே அடிக்காத புல்லைவிட வேகமாக வளரும் கட்டம் இது. ஆங்கிலத்தில் ரீபவுண்ட் என்பார்கள், நாம் எழும்பல் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு எழும்பல் ஒவ்வொரு சுற்றிலும் 12-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை ஓடுகிறது.

இனி யூரியா. போட்டுக் கரைத்த சில நாட்களில் அம்மோனியமாகி, அதன்பின் நைட்ரேட்டாகி, புல் வேகமாக உறிஞ்சும். வெப்பமான மணல் படுகையில் 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை நல்ல தள்ளல் இருக்கும் என்று கொள்ளலாம். இரண்டு நாட்காட்டியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். முதல் நாள் இரண்டும் சேர்ந்து தொடங்கியதாக வைத்துக்கொள்வோம்.

மருந்து தெளிப்பது 0, 21, 42, 63, 84-ஆம் நாட்களில். எழும்பல் 12–21, 33–42, 54–63, 75–84.
யூரியா 0, 28, 56, 84-ஆம் நாட்களில். தள்ளல் 4–14, 32–42, 60–70, 88–98.

முதல் யூரியாவின் தள்ளல் பெரும்பாலும் மருந்தின் பிடிக்குள் அடங்கிவிட்டது. இரண்டாவது யூரியாவின் தள்ளல் முழுக்க முழுக்க எழும்பலின்மேல் உட்கார்ந்திருக்கிறது, 33 முதல் 42 வரை. கூடையில் 20 லிட்டர் விழுவதும் மேடு மொட்டையாவதும் அந்த நாட்களில்தான். மூன்றாவதில் மூன்று நாள் மட்டும் ஒட்டுகிறது. நான்காவது மறுபடி பிடிக்குள். 84 நாளுக்கு ஒருமுறை இந்தச் சக்கரம் முதலிலிருந்து சுற்றும். எதையும் மாற்றாமலே ஒரு சுற்று மோசமாகவும் ஒரு சுற்று நன்றாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் பதிவேட்டில் மொட்டையடித்த தேதிகள் இருந்தால் வைத்துச் சரிபாருங்கள்.

மருந்தின் அளவைக் கூட்டினால் பிடி நீளும் என்று பலரும் நம்புகிறார்கள். கிரீனில் அது உண்மையில்லை. இரட்டிப்பாக்கினால் முதல் வாரம் மஞ்சளிப்பதும் கருகுவதும் கூடும். நாள் கணக்கு பெரிதாக நீளாது. இடைவெளியைக் குறைத்து, அளவையும் குறைப்பதுதான் வழி: 12 நாள் இடைவெளிக்கு ஹெக்டேருக்கு 250 முதல் 300 மிலி. ஒரு கிரீனுக்கு அது 12.5 முதல் 15 மிலி. ஒரு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு அடிக்கலாம் என்று டப்பாச் சீட்டில் ஓர் உச்சவரம்பு இருக்கும், அதற்குள் வருகிறதா என்று முன்கூட்டியே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தெளிப்பு முடிந்ததும் அலகுக் கணக்கைப் பூஜ்ஜியமாக்கி மறுபடி தொடங்க வேண்டும். சராசரி 20 டிகிரிக்கு இறங்கினால் நாளுக்கு 10 அலகுதான், 220 சேர 22 நாள் ஆகும். குளிர்ந்த பருவத்தில் உங்கள் 21 நாள் முறை தற்செயலாகச் சரியாக வந்திருக்கும். அந்த அனுபவமே வெயிலில் தவறாக வழிகாட்டுகிறது.

---

நாசில்40:

டேங்கில் கலப்பது பற்றி. யூரியாவோடும் இரும்போடும் டிரினெக்ஸாபேக் நன்றாகவே சேரும். இரும்பு சேர்ப்பது நல்லதும்கூட. முதல் வாரத்தில் வரும் லேசான மஞ்சளிப்பை அது மறைத்துவிடும். ஆனால் முறை தவறினால் நாசிலில் (தெளிப்பு முனையில்) செங்கல் நிறச் சகதிதான் வரும்.

20 லிட்டர் தெளிப்பு நீர், 500 சதுர மீட்டருக்கு. அதாவது சதுர மீட்டருக்கு 40 மிலி. இதில் போக வேண்டியவை: யூரியா 435 கிராம் (சதுர மீட்டருக்கு 0.4 கிராம் தழைச்சத்து வரும்), ஃபெரஸ் சல்பேட் 250 கிராம், டிரினெக்ஸாபேக் 15 மிலி.

தண்ணீர்தான் முதல் விஷயம். உப்பும் காரமும் உள்ள கிணற்று நீரில் ஃபெரஸ் சல்பேட்டைக் கொட்டினால் இரும்பு துருவாகிப் படிந்துவிடும். இலைக்கு ஒன்றும் போகாது. டேங்கைப் பாதி நிரப்பி, கலக்கியை ஓடவிட்டு, சிட்ரிக் அமிலம் சிறிது சிறிதாகப் போட்டு கார அமில அளவை (pH) 6-க்குக் கீழே கொண்டுவாருங்கள். சோதனைத் தாள் போதும். அதன் பிறகு இரும்பு. ஃபெரஸ் சல்பேட்டைத் தனி வாளியில் கரைத்து, மெல்லிய வலையில் வடிகட்டி ஊற்ற வேண்டும். கரைசல் வெளிர்பச்சையாக இருந்தால் சரி. வாளியிலேயே காவி நிறம் காட்டினால் அந்த மூட்டை ஈரம் பட்டுக் கெட்டுப்போனது. கிரீனுக்கு வேண்டாம்.

யூரியாவுக்கும் தனி வாளி. யூரியா கரையும்போது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும், வாளியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிரில் அடியில் உள்ள குருணை கரையாமல் நின்றுவிடும். மேலே தெளிந்திருப்பதைப் பார்த்து ஏமாந்து ஊற்றினால் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் விட்டுக் கிளறி, அடியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கடைசியாக டிரினெக்ஸாபேக், பிறகு மீதித் தண்ணீர்.

கால்சியம் நைட்ரேட்டை இந்தக் கலவையில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகப் படியும். பாஸ்பேட் உரங்களும் இரும்போடு ஒத்துப்போகாது. புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு லிட்டர் பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து, மூடிக் குலுக்கி, அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். மேற்கண்ட அளவுக்கு ஒரு லிட்டரில் யூரியா சுமார் 22 கிராம், ஃபெரஸ் சல்பேட் 12.5 கிராம், மருந்து 0.75 மிலி. அடியில் படிவு, நடுவில் திரிதல், மேலே எண்ணெய்ப் படலம் எது தெரிந்தாலும் டேங்கில் போடாதீர்கள்.

அடுத்தது அளவுத் திருத்தம். கிரீனுக்கு 15 மிலி என்பது மிகச் சிறிய அளவு. நடை வேகம் கொஞ்சம் மாறினாலும் பட்டை பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு நாசிலின் கீழும் அளவுக் குவளை வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். சராசரியைவிட 10 சதவீதம் விலகும் நாசிலை மாற்றிவிடுங்கள். நாசிலுக்கு நிமிடத்துக்கு 1.2 லிட்டர் வந்து, நாசில் இடைவெளி 50 செமீ என்றால், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போக வேண்டும். நிமிடத்துக்கு 60 மீட்டர், பாதி மீட்டர் அகலம், ஆக 30 சதுர மீட்டர். 1.2 லிட்டரை 30-ஆல் வகுத்தால் 40 மிலி. இரண்டு கொடி நட்டு 10 மீட்டரை 10 விநாடியில் கடக்கிற வேகத்தைப் பழக்கிக்கொண்டால் போதும்.

அதிகம் தவறு நடப்பது கிரீனின் ஓர வளையத்தில். நேர்கோட்டில் அடித்துத் திரும்பும் இடமும், கடைசியில் சுற்றி அடிக்கும் வளையமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரட்டை அளவாகிவிடும். மோவர் திரும்பும் அழுத்தமும் அதே இடத்தில்தான். ஓரம் மட்டும் வெண்கல நிறமாகி மெலிந்தால் நோய் என்று நினைத்து மருந்து தேடாதீர்கள், முதலில் தெளித்த பாதையைப் பாருங்கள்.

காலையில் வெட்டி முடித்து, பனி உலர்ந்தபின் தெளியுங்கள். மருந்து இலைக்குள் இறங்க ஒரு மணி நேரம் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் அந்த ஒரு மணி நேரம் முடிந்துவிடுவது நல்லது. இலையில் நிற்கும் யூரியாவும் இரும்பும் 32 டிகிரிக்கு மேல் நுனியைக் கருக்கலாம். மாலையில் லேசாகத் தண்ணீர் காட்டலாம். மறுநாள் காலை வரை வெட்ட வேண்டாம்.

---

தழைக்கணக்கு:

மணற்படுகை நாள் கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் தழைச்சத்தின் பக்கம் பேசுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி, உரத்தைக் குறைக்க வேண்டுமா என்பது, கூடையிலேயே பதில் உள்ள கேள்வி.

கிரீனிலிருந்து சத்து வெளியேறும் முக்கிய வழி வெட்டுப்புல்தான். காய்ந்த வெட்டுப்புல்லில் தழைச்சத்து சுமார் 4 சதவீதம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 2 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) அரை சதவீதம். உங்கள் கூடையிலிருந்து அழுத்தாமல் ஒரு லிட்டர் எடுத்து, நிழலில் உலர்த்தி, பிறகு மெல்லிய சூட்டில் எடை மாறாத வரை காயவைத்து நிறுத்துப் பாருங்கள். 70 கிராம் நின்றது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு லிட்டரில் போன தழைச்சத்து 2.8 கிராம். தினம் 10 லிட்டர் விழுந்தால் 28 கிராம், 500 சதுர மீட்டருக்குப் பகிர்ந்தால் சதுர மீட்டருக்கு 0.056 கிராம், வாரத்துக்கு 0.39. எனவே வாரம் 0.4 கிராம் தழைச்சத்து கொடுத்தால் வரவும் செலவும் சமம். சாம்பல்சத்து அதில் பாதி, 0.2 கிராம். நாசில்40 சொன்ன 435 கிராம் யூரியா அந்த 0.4-தான்.

இப்போது நீங்கள் 28 நாளுக்கு 2 கிராம் கொடுக்கிறீர்கள். வாரம் 0.4 வீதம் நாலு வாரத்துக்கு 1.6. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கட்டுப்படுத்தி தொடர்ந்து பிடியில் இருக்கும் கிரீனில் வெட்டுப்புல் ஏறக்குறைய அந்த அளவுக்கே குறையும். அதனால் உரத்தைக் குறைப்பது புல்லைப் பட்டினி போடுவதாகாது. வெளியே போகாத சத்தை மறுபடி கொடுக்காமல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் எழும்பல் நடக்கும் முறையிலேயே இருந்துகொண்டு உரத்தைக் குறைத்தால் பலன் இல்லை. 12 நாள் மிச்சம் பிடித்ததை அடுத்த 9 நாளில் கூடையில் கொட்டிவிடும்.

கூடையை அளப்பதில் ஒழுங்கு வேண்டும். ஒரே மோவர், ஒரே கிரீன், ஒரே நேரம், அளவுக் கோடு போட்ட வாளி. கையால் அழுத்தாமல், வாளியை இரண்டு தட்டு தட்டி மேற்பரப்பைச் சமமாக்கி லிட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மணல் தூவிய மறுநாள் அளவை எழுதாதீர்கள், வாளியில் பாதி மணலாக இருக்கும். 500 சதுர மீட்டரில் 10 லிட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 20 மிலி. பரப்பு வேறான கிரீன்களை ஒப்பிட இந்த மிலி எண்தான் உதவும்.

எண்ணைப் பார்த்து எதைத் திருப்புவது? உங்கள் கிரீனில் 15 முதல் 20 மிலி வரை ஏறக்குறைய சமமாகப் போனால் எதையும் தொடாதீர்கள். மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் அலகுக் கணக்கைப் பாருங்கள். 200 தாண்டியிருந்தால் கட்டுப்படுத்தியின் முறை. 100-இல் நிற்கும்போதே ஏறினால் தழைச்சத்து கூடுதல், வரும் வாரத்து உரத்தை விட்டுவிடலாம். 10 மிலிக்குக் கீழே போய், பந்து விழுந்த தழும்பு ஒரு வாரமாகியும் மூடாமல் இருந்தால் வாரத் தழைச்சத்தை 0.6 கிராம் ஆக்குங்கள். மருந்தை அடுத்த சுற்றில் தாமதப்படுத்துங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

தழைச்சத்தைக் கிள்ளிக் கிள்ளிக் குறைத்து வேகமான தரை எடுக்கும் ஆசை பலருக்கு உண்டு. அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டினியில் இருக்கும் பெர்முடா கிரீனில் இலைப்புள்ளி நோய் எளிதில் ஏறும், பென்ட் என்ற குளிர்ப்பகுதிப் புல்லில் டாலர் ஸ்பாட், ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய்களும். குணமாவதற்கான வளர்ச்சியே இல்லாதபோது பூஞ்சாணக்கொல்லி அடித்தும் தழும்பு அப்படியே நிற்கும். மறுபக்கம், மிகுதியான தழைச்சத்து இலையை மென்மையாக்கி, வேரைக் குட்டையாக்கி, மக்காத நார் மெத்தையை வளர்க்கும். உங்கள் மேடுகள் மொட்டையாவதற்கு அந்த மெத்தையும் பாதிக் காரணமாக இருக்கலாம். மண் குழலை இறக்கி ஒரு மாதிரித் துண்டு எடுத்துப் பாருங்கள். பச்சைக்குக் கீழே பழுப்பு மெத்தையை இரண்டு விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கி மீண்டு வந்தால், மோவரின் உருளை அதில் புதைந்து கத்தி இன்னும் கீழே போகிறது என்று பொருள். காகிதத்தில் 3.2 மிமீ என்று எழுதியிருந்தாலும் தரையில் அது 3.2 இல்லை. அதற்கு உரமும் மருந்தும் விடையாகாது. லேசாகச் செங்குத்து வெட்டும் (நிமிர்ந்த கத்திகளால் மெத்தையைக் கீறுவது) அடிக்கடி மெல்லிய மணல் தூவலும் வேண்டும்.

மணிச்சத்து, சாம்பல்சத்து பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. மண் சோதனை இல்லாமல் மணிச்சத்து போட வேண்டாம். மெலிக் 3 என்ற மண் சோதனை முறையில் சோதித்து எம்எல்எஸ்என் எனப்படும் குறைந்தபட்ச அளவுகளோடு ஒப்பிட்டால் போதும்: மணிச்சத்து 21 பிபிஎம் (பத்து லட்சத்தில் 21 பங்கு), சாம்பல்சத்து 37, மக்னீசியம் 47, கால்சியம் 331, கந்தகம் 7. மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் கொடுத்த இந்த எண்கள் தனிமமாகக் கணக்கிட்டவை. உர மூட்டையில் எழுதியிருக்கும் ஆக்சைடு கணக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மணல் படுகையில் சாம்பல்சத்து நிற்காது, அதனால் அதையும் சிறுகச் சிறுக, பொட்டாசியம் சல்பேட்டாகக் கொடுங்கள்.

---

கிரீன்_காவல்:

பதிவேட்டைப் பார்த்தேன். மொட்டையடித்த தேதிகள் இரண்டாவது யூரியாவுக்குப் பின் 5-ஆம் நாளிலிருந்து 13-ஆம் நாள் வரை. நீங்கள் சொன்ன 33–42-க்குள் அப்படியே விழுகிறது. நன்றி.

இன்னொன்று. நிழலில் இருக்கும் ஒரு கிரீனில் மட்டும் முன்பு வந்த ஒரு குளிர்ந்த, மேகமூட்டமான வாரத்தில் மருந்து அடித்தபின் புல் வெண்கல நிறமாகி மூன்று வாரமாக அசையவே இல்லை. அதற்கு ஐந்து நாள் முன்பு அந்தக் கிரீனுக்கு மட்டும் புரோபிகோனசோல் என்ற பூஞ்சாணக்கொல்லி தெளித்திருந்தோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

---

மணற்படுகை:

நிச்சயம் உண்டு. புரோபிகோனசோல், டெபுகோனசோல் போன்ற அசோல் வகை பூஞ்சாணக்கொல்லிகள் பூஞ்சையின் ஸ்டெரால் உற்பத்தியைத் தடுப்பவை. ஆனால் புல்லில் ஜிப்பெரலின் பாதையின் தொடக்கப் படியையும் கொஞ்சம் அடைக்கும். மாமரத்தின் வேரில் ஊற்றும் பேக்லோபூட்ரசாலும் இதே வேதிக் குடும்பம்தான், அடைப்பதும் அதே இடம்தான். ஆக உங்கள் கிரீனில் பாதை மேலேயும் கீழேயும் இரண்டு இடத்தில் அடைபட்டது. அதோடு குளிர் சேர்ந்ததால் மருந்து சிதையவும் தாமதம். மேகமூட்டமும் நிழலும் சேர்ந்து உணவு உற்பத்தியும் குறைவு. மூன்றும் ஒரே வாரத்தில்.

நிழலில் கட்டுப்படுத்தி அடிப்பதே தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிழலில் பெர்முடா வெளிச்சம் தேடி நெட்டையாகி மெலியும், அளவான கட்டுப்பாடு அதைத் தடுத்து அடர்த்தியைக் காக்கும். ஆனால் நிழல் கிரீனுக்கு அலகுக் கணக்கைத் தனியாக வைக்க வேண்டும், அளவும் மற்றவற்றில் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். அசோல் தெளித்த பிறகு கூடை அளவு பழைய நிலைக்கு வரும்வரை டிரினெக்ஸாபேக்கைத் தள்ளிப்போடுங்கள். நோய்க்கு மருந்து தேவைப்பட்டால் அந்தச் சமயத்தில் அசோல் அல்லாத வேறு பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது அசையாமல் நிற்பதை மீட்க: வெட்டு உயரத்தை அரை மிமீ ஏற்றுங்கள். செங்குத்து வெட்டு, மணல் தேய்ப்பு, உருளை எதுவும் வேண்டாம். வாரம் 0.5 கிராம் தழைச்சத்தும் மெல்லிய இரும்பும் கொடுங்கள். யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் குளிரில் சற்று நன்றாகப் பேசும். 0.5 கிராமுக்கு சதுர மீட்டருக்கு சுமார் 2.4 கிராம், அதாவது கிரீனுக்கு 1.2 கிலோ. உப்பு அடர்த்தி கூடுதல் என்பதால் தெளித்தவுடன் லேசாகத் தண்ணீர் விட்டு இலையைக் கழுவிவிடுங்கள். ஜிப்பெரலிக் அமிலம் தெளித்து அடைப்பைத் தாண்டவைக்கவும் வழி உண்டு, புல்லுக்கு வெளியிலிருந்து ஹார்மோனையே கொடுப்பதால் அது வேலை செய்யும். ஆனால் அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் வெளிறிய, நீண்ட, பலமற்ற இலை வரும், அடுத்த வெட்டில் மறுபடி மொட்டை. நாற்றங்கால் கிரீனில் ஒரு சிறு கட்டத்தில் பார்க்காமல் விளையாடும் கிரீனில் இறங்க வேண்டாம்.

---

ரீல்கத்தி:

மேலே யாரும் சொல்லாத ஒன்று: சரிபார்ப்புக் கட்டம். தெளிக்கும்போது கிரீனின் ஓரமாக, கண்ணில் அதிகம் படாத இடத்தில் ஒரு மீட்டர் சதுரமான ஒட்டுப்பலகையை வைத்துவிடுங்கள். தெளித்து முடித்து எடுத்தால் மருந்து படாத ஒரு கட்டம் கிடைக்கும். பிடி இருக்கும்வரை அந்தக் கட்டம் மாலையில் சற்று உயர்ந்தும் வெளிறியும் தெரியும். சாய்ந்த வெயிலில் தரையோடு தலையை வைத்துப் பார்த்தால் விளிம்பு கோடு கிழித்தாற்போல் இருக்கும். என்றைக்கு அந்த விளிம்பு மறைகிறதோ அன்றைக்குப் பிடி விட்டது. அதற்கு மறுநாளிலிருந்து அந்தக் கட்டம் தாழ்ந்தும் சுற்றியுள்ள புல் உயர்ந்தும் தெரிந்தால் எழும்பல் தொடங்கிவிட்டது. 220 என்பது பொது எண், உங்கள் புல்லுக்கும் தண்ணீருக்கும் சரியான எண்ணை இந்தப் பலகை காட்டும். மூன்று சுற்று பார்த்தால் போதும். ஒவ்வொரு முறையும் பலகையின் இடத்தை மாற்றுங்கள்.

அதே சமயம், டிஃப்ஈகிள் போன்ற ரகங்களில் சில திட்டுகள் தாய்ப்புல்லிலிருந்து மாறிய கலப்புகளாக இருக்கும். அவை இந்த மருந்துக்கு வேறு மாதிரி பதில் கொடுக்கும். தெளித்த பத்தாம் நாள் வட்டமான திட்டுகள் மட்டும் உயர்ந்தோ கருத்தோ துருத்திக்கொண்டு நின்றால், நாசில் கோளாறு அல்ல. நாசில் கோளாறு எப்போதும் நேர்கோட்டில் வரும்.

பந்து ஓடும் வேகம் பற்றி: கட்டுப்படுத்தி அடித்த மறுநாள் வேகம் ஏறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காலை வேகத்துக்கும் மாலை வேகத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்குவதுதான் உண்மையான லாபம். ஸ்டிம்ப்மீட்டரில் (பந்தை உருட்டிவிட்டு ஓடும் தூரத்தை அளக்கும் சாய்வுக் கருவி) ஒரு திசையில் மூன்று பந்து, எதிர்த்திசையில் மூன்று பந்து, மூன்றும் 20 செமீக்குள் நின்றால்தான் அந்த அளவை ஏற்றுக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் எடுத்துக் கூடை அளவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

காற்றோட்டத்துக்காகத் தரையில் துளையிடும் பருவம் வருகிறது என்றால், அதற்கு முந்தைய தெளிப்பை இப்படித் திட்டமிடுங்கள்: துளையிடும் நாளன்று அலகுக் கணக்கு 220-ஐ அப்போதுதான் தாண்டியிருக்க வேண்டும். மற்ற நாளில் தொல்லையான எழும்பல் அப்போது துளைகளை மூடும் வேலையைச் செய்யும். அந்த வாரம் மட்டும் தழைச்சத்தை 1 கிராம் வரை ஏற்றலாம். துளைகள் முழுக்க மூடி, கூடை அளவு இரண்டு முறை ஏறியபின் குறைந்த அளவில், ஹெக்டேருக்கு 200 மிலி கணக்கில், கட்டுப்படுத்தியை மறுபடி தொடங்குங்கள்.

பென்ட் புல் கிரீன் வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அடிப்படை வெப்பம் 10 அல்ல, 0. டிரினெக்ஸாபேக் மறுதெளிப்பு 200 அலகில். சராசரி 20 டிகிரியில் பத்தாம் நாள், 25-இல் எட்டாம் நாள். பெர்முடாக் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டால் தப்பாகும்.